வெள்ளித் தண்ணீரைச் சாம்பிள் பார்த்தவர்

எங்கள் தெருவுக்கு எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் முதலில் அவர் கைக்குப் போய்விட்டுத்தான் மற்றவர்களிடம் வரும். அவர் கேட்டு வாங்கியதில்லை. நாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்தோம். தெருவுக்குப் பொதுவாக ஆழ்துளைக் கிணறு போட்டபோது, குழாயில் கலங்கலாக வந்த முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தவர் அவர். குடித்து, சப்புக்கொட்டி, "சவரு கொஞ்சம் இருக்கு. குடிக்கலாம், பருப்பு மட்டும் வேகாது" என்றார். இன்றுவரை அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு ராட்டினம் வந்த வருடம், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் தன் கனத்த உடம்பைத் தொட்டிலுக்குள் திணித்துக்கொண்டு அவர் தனியாகச் சுற்றிவந்தார். இறங்கியவர் நேராக மறைவுக்குப் போய் வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "இரும்பெல்லாம் உறுதியாத்தான் இருக்கு. என் வயித்துக்குத்தான் சேரல. பிள்ளைகள ஏத்துங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் தயங்கவில்லை. பிள்ளைகளை ஏற்றினார்கள்.

தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் மனைவி எனக்கு மதினி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக எழுதுவதா, கெட்டதாக எழுதுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மோசக்காரர் என்று எழுத முடிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்குச் சாம்பிள் பார்க்கிற வேலை. செய்து முடித்த சரக்கு பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அதிலிருந்து சிலவற்றை உருவி எடுத்து, கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் பற்றவைத்துப் பார்ப்பார். புஸ்வாணம் எவ்வளவு உயரம் போகிறது, சக்கரம் நின்ற இடத்தில் சுற்றுகிறதா, பச்சை பச்சையாகவே எரிகிறதா வெளிறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி, "லோடு ஏத்தலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் பெட்டி கட்டுவார்கள். லாரி கிளம்பிவிட்டால் அந்தச் சரக்கைப் பற்றிப் பேச்சே கிடையாது. வடநாட்டில் எந்த ஊரில் யார் வாசலில் அது எரிந்தது என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை.

கல்யாண வீட்டில் பாயசத்தை ருசி பார்க்கச் சொன்னாலும், என் கணவர் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னாலும், பிடித்துவிட்டால் அதே வார்த்தைதான். கொரோனா ஊசி போட முகாம் வைத்தபோது எங்கள் தெருவில் யாரும் வாசலைத் தாண்டவில்லை. அண்ணாச்சி தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் காய்ச்சலோடும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் எழுந்து குளித்து இட்லி சாப்பிட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். தெரு மொத்தமும் முகாமுக்குக் கிளம்பியது. டீச்சரான நான் பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்திச் சொல்லியும் கேட்காதவர்கள் அவர் கையைப் பார்த்துக் கேட்டார்கள்.

சாம்பிள் வேலைக்கு வருவதற்கு முன்னால் அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் நெடுநாள் இருந்தவர். அலுமினியப் பவுடர் உடம்பெல்லாம் அப்பி, சாயங்காலம் வெளியே வரும்போது கண்ணும் பல்லும்தான் மனித நிறத்தில் இருக்குமாம். "கல்யாணமான புதுசுல கோயில் செல மாதிரி வந்து நின்னாரு. தொட்டா நம்ம கையில ஒட்டிக்கிரும்" என்று மதினி சொல்வார். காலையில் எழுந்ததும் அவர் இருமுகிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். அதுதான் எங்களுக்கு அலாரம். கேட்டால், "பழைய மருந்து. கொஞ்சங் கொஞ்சமா வெளிய வந்துக்கிட்டு இருக்கு" என்பார். உள்ளே போனது எதுவும் ஒருநாள் வெளியே வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. துப்பிய சளி வெளுத்திருந்தால் அன்றைக்கு உற்சாகமாக இருப்பார்.

என் மகள் காவ்யாவுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே மூச்சு இளைப்பு. ஆடியிலிருந்து தீபாவளி வரைக்கும் சீசன் சூடுபிடிக்கும் நாட்களில் அவளுக்கு மூச்சு விசிலடிக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அண்ணாச்சி பொட்டலில் இருந்தே போன் செய்வார். "இன்னைக்குப் பத்த வைக்கப் போறோம்மா. பாப்பா இருக்கிற ரூமு சன்னலச் சாத்திருங்க." எங்கள் சொந்தக்காரர்கள்கூட அந்த அளவுக்கு அவளை நினைத்ததில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை ஊற்றிப் புகையாக இழுக்கிற மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. அது ஓடுகிற சத்தம் கேட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் டிவியைக் குறைத்துவிடுவார்.

அந்த மெஷினில்தான் எல்லாம் வந்து விழுந்தது.

கொரோனா ஓய்ந்த சமயம், கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய மருமகன் ஒரு தண்ணீருக்கு ஏஜென்சி எடுத்தார். நானோ சில்வர் என்று பாட்டிலில் போட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்த வெள்ளி கலந்த தண்ணீர். அறையில் தெளித்தால் கிருமி சாகும் என்று சொல்லித்தான் முதலில் வந்தது. பிறகு, தெளிப்பதைவிட மெஷினில் ஊற்றி மூச்சாக இழுத்தால் நெஞ்சுக்குள் இருக்கிற கிருமியும் சாகும் என்று யாரோ சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். மருமகன் ஒரு பெட்டி நிறைய அனுப்பிவைத்தார்.

அண்ணாச்சி அதை யாருக்கும் உடனே கொடுக்கவில்லை. தனக்கென்று ஒரு மெஷின் வாங்கினார். ஆடி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு இழுத்தார். பால்காரரும் பள்ளிக்கூட வேன் பிள்ளைகளும் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மூக்கிலிருந்து வெள்ளைப் புகை கிளம்ப, கையை ஆட்டி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். தீபாவளி வரைக்கும் விடவில்லை. சுவர் தாண்டி வரும் இருமல் குறைந்தது. சளி எளிதாக வந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

தீபாவளி முடிந்து ஒரு நாள் பாட்டிலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நல்லாப் பாத்துட்டேம்மா. லோடு ஏத்தலாம்" என்றார்.

நான் தயங்கினேன். டாக்டரிடம் கேட்டுவிடலாமே என்றேன்.

"கேளுங்க. கேக்க வேண்டாம்னு சொல்லல. ஆனா வெள்ளிங்க இது. பாப்பாவுக்கு நீங்க வெள்ளிச் சங்குல பால் புகட்டலையா? இடுப்புல வெள்ளி அரைஞாண் போடலையா? நம்ம பிள்ளைக பொறந்ததுல இருந்து வெள்ளியோடதான வளருது."

என் கணவர், "இத்தனை நாள் இழுத்திருக்காரு, கல்லு மாதிரி இருக்காரு. இதைவிட என்ன வேணும்?" என்றார். டாக்டரிடம் கேட்காமலே நான் மெஷினை எடுத்து வைத்தேன். அண்ணாச்சி இழுத்துப் பார்த்ததையே இழுக்கப்போகிறோம் என்று காவ்யாவுக்குச் சிரிப்பு. தெருவில் இளைப்பு உள்ள இன்னும் சில வீடுகளுக்கும் பாட்டில் போனது. காசு வாங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. நன்றாகக்கூட இருந்தாள். பிறகு வறட்டு இருமல் வந்தது. விசில் சத்தம் இல்லை, சளி இல்லை, வெறும் இருமல். பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள் என்று அவள் டீச்சர் சொன்னார். நான் கூடுதலாக ஒரு வேளை மெஷின் வைத்தேன். காய்ச்சலோடு ஒருநாள் உதடு கறுத்துப்போனபோது விருதுநகருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் பார்த்த டாக்டர் அம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியில் மூச்சை ஊதினால் படர்கிற ஆவி போல நுரையீரல் முழுக்க வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தது. மெஷினில் என்னென்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மறுநாள் மகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்துப் பார்த்தார்கள். கழுவிய நீரில் இருந்த செல்களுக்குள் கறுப்பாகப் பொடி இருந்ததாம். வெள்ளி அவ்வளவு பொடியானால் கறுப்பாகத்தான் தெரியுமாம்.

"சங்குல இருக்கிற வெள்ளி சங்குலயேதாம்மா இருக்கும்" என்றார் டாக்டர். "இது பொடியிலும் பொடி. மூச்சுக் குழாய் தாண்டி, கடைசியில இருக்கிற காத்துப் பை வரைக்கும் போயிரும். அங்கே சுத்தம் பண்ற செல்கள் இதை விழுங்கும். ஆனா ஜீரணிக்க முடியாது. உள்ளேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அதனால சுத்தி எல்லாம் வீங்கிப் புண்ணாகுது."

எப்போது வெளியே வரும் என்று கேட்டேன். கொஞ்சம் சளியோடு வரும், கொஞ்சம் கரைந்து ரத்தத்தில் போகும், மீதி கரையாத உப்பாக மாறி அங்கேயே தங்கிவிடும் என்றார்.

"எவ்வளவு நாள் தங்கும் டாக்டர்?"

"எலிகளை வச்சுப் பாத்திருக்காங்க. பிள்ளைங்களுக்கு இப்படிக் கொடுத்து யாரும் பாத்ததில்லம்மா. நான் எதை வச்சுச் சொல்ல?"

அண்ணாச்சி அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்கு வந்துவிட்டார். ஓடி ஒளியவில்லை. வார்டு வாசலில் நின்றுகொண்டு, தனக்கு ஒன்றும் செய்யவில்லையே, அவ்வளவு நாள் இழுத்துப் பார்த்தாயிற்றே, அது புகையாக இருக்கும், சீசன் புகையாகத்தான் இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் கணவர் அவர் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார். நான்தான் தடுத்தேன். தடுத்துவிட்டு, நானே ஏன் பிடிக்கவில்லை என்று பின்னால் நினைத்திருக்கிறேன்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். டாக்டரின் அறைக்கு முன்னால் போய் நின்று, தன் நெஞ்சைப் படமெடுத்துப் பார்க்கச் சொன்னார். "நான் அம்புட்டையும் பாப்பாவுக்கு முன்னாடியே இழுத்தவன். எனக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தா, பாப்பாவுக்கு இனிமே என்ன ஆகும்னு தெரிஞ்சிருமில்ல" என்றார். டாக்டர் முதலில் மறுத்தார். அண்ணாச்சி மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

படம் வந்தது. எங்களையும் வைத்துக்கொண்டே டாக்டர் சொன்னார். அவர் நுரையீரல் ஏற்கனவே காய்ந்த தேங்காய் நார் போல ஆகியிருந்தது. மருந்து அறை தந்தது எது, பொட்டல் புகை தந்தது எது, வெள்ளி தந்தது எது என்று பிரிக்க வழியில்லை. புதிதாக ஒரு எரிச்சல் வந்தாலும் அவருக்கு உறைக்காத அளவுக்கு அது மரத்துப்போயிருந்தது. இருமல் குறைந்தது வெள்ளியால் அல்ல. வெறும் உப்புத் தண்ணீரை மெஷினில் ஊற்றி இழுத்திருந்தாலும் அந்த ஈரத்துக்குச் சளி இளகியிருக்கும்.

"இவரை வச்சு உங்க பொண்ணுக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

தனக்கு நோய் என்று கேட்டபோது அசையாமல் நின்றவர், அந்த வார்த்தையைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியிருந்தது. படத்தில் வெள்ளை குறைந்திருந்தது, போகவில்லை. மூன்று பந்துகள் போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். குழாயில் வாயை வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். அவள் இழுத்தால் முதல் பந்து ஏறும். இரண்டாவது துடிக்கும், விழும்.

அண்ணாச்சி வேலைக்குப் போகவில்லை. கொடுத்த பாட்டில்களைத் திரும்ப வாங்க வீடு வீடாகப் போனார். நாலு வீடு நடந்தால் ஒரு வீட்டு வாசலில் உட்கார வேண்டியிருந்தது. பெரும்பாலானவர்கள் அரைமனதாகக் கொடுத்தார்கள். மூலை வீட்டுக்காரி கொடுக்கவில்லை. அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவளுடைய சின்ன மகளுக்கும் இளைப்பு. அவர்கள் பேசியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"நீங்கதான அண்ணாச்சி நல்லாருக்குன்னு சொன்னீக? எம்புட்டு நாளு வாசல்ல உக்காந்து இழுத்தீக, நாங்க பாக்கலையா?"

"சொன்னேன் தாயி. தப்பாச் சொல்லிட்டேன்."

"ஒங்களுக்கு என்ன ஆகிப்போச்சு? குத்துக்கல்லாட்டம் நிக்கீக."

அவருக்கு அப்போது மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. அந்த இரைப்பைத் தெரு எப்போதும் கேட்டுப் பழகியிருந்தது. டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு வந்தது வேறு என்னவோ, மதுரைக்காரர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்றாள். தன் மகள் இந்த வருடம் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவில்லை என்றாள். அவர் சொன்ன ஒரு நல்ல வார்த்தையைத் தெரு அப்படியே வாங்கிக்கொண்டது. அதை அவரே மறுத்துச் சொன்னபோது வாங்க ஆளில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். மதுரையிலிருந்து வந்தபின் அவரோடு நான் பேசியதில்லை.

"பாப்பாவ ஒரு தடவ மூல வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்மா. அவ அந்தப் பந்தத் தூக்குறத அந்தம்மா கண்ணால பாத்தா நம்பும். என்னைய நம்ப மாட்டேங்குது."

என் மகளையும் சாம்பிளாகக் கேட்கிறாரா என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லியும்விட்டேன். வேறு சிலதும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். போகவில்லை.

உள்ளேயிருந்து காவ்யா கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் வாரேம்மா. அது சின்னப் பிள்ள" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். மூலை வீட்டுக்காரி எங்களைப் பார்த்ததும் பாய் விரித்தாள். காவ்யா உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, குழாயில் வாய் வைத்து இழுத்தாள். முதல் பந்து ஏறியது. இரண்டாவது பாதியில் நின்று நடுங்கி விழுந்தது. அவள் இரண்டு கையையும் பாயில் ஊன்றி இருமினாள். அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், காவ்யாவின் முதுகைத் தடவினாள். அவள் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பலித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குள் அந்த வீட்டுச் சின்ன மகள் கருவியைக் கையில் எடுத்துவிட்டாள். தாவணி நுனியில் குழாயைத் துடைத்துக் கொடுத்தாள் அவள் அக்கா. சிறுமி கன்னம் குழிய இழுத்தாள். மூன்று பந்துகளும் ஒன்றாக ஏறி உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றன. விடாமல் நிறுத்திக் காட்டிவிட்டு, கருவியைக் கீழே வைத்துக் கைதட்டினாள்.

"பாத்தீகளா அண்ணாச்சி" என்றாள் அவள் தாய். குரலில் குத்தல் எதுவும் இல்லை. பெற்றவளுக்கு வரும் நிம்மதிதான் இருந்தது. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இது அப்படிப் பாக்குற சாமான் இல்ல தாயி" என்றார்.

"அப்ப எப்படித்தான் பாக்குறது?"

பற்றவைத்த மறுநொடியே தன்னைக் காட்டிவிடுகிற சரக்கோடு ஆயுளைக் கழித்தவர். கருவியை எடுத்துக் காவ்யா கையில் கொடுத்தார். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்தார், சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு. பாட்டில் அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்ததாக மதினி சொன்னார்.

மூலை வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் காவ்யா என்னிடம் கேட்டாள். "அதுக்கும் என்னைய மாதிரி ஆகுமாம்மா?"

ஆகாது என்று சொன்னேன். ஆகாமல் இருந்தால், எங்களை யாரும் நம்பப்போவதில்லை. ஆகிவிட்டால், எங்களை நம்ப வைக்க அந்தப் பிள்ளை கொடுக்கும் விலை அது. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

காவ்யாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிறார் டாக்டர். அந்தச் சிறுமி எங்கள் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள். அவள் வரும் நேரத்துக்கு நான் எப்படியோ வாசலில் நிற்கிறேன். இருமுகிறாளா என்று காது கொடுக்கிறேன். அவள் இருமாமல் ஓடிப்போகிற நாட்களில் எனக்குள் எழுவது சந்தோஷம் மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.